கதவு மாட்டும் வரை

குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துக்கொண்டு சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார் தண்ணியக்கா. விரலின் அழுத்தத்துக்கேற்ப நீர் விசிறிபோல் விரிந்து விழுந்தது. “குடிடா, நல்லாக் குடி. அப்புறம் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னா மேஸ்திரி என்னையத்தான் திட்டுவாரு” என்று சுவரை அதட்டினார். புதுப்பூச்சு வெடித்துவிடாமல் காலையிலும் மாலையிலும் நனைத்து வைப்பதுதான் அவருடைய வேலை. பெயரும் அதனால் வந்ததே.

எங்கள் சன்னலுக்கு நேர் எதிரே எழும்பிய அந்த மாடிவீட்டில்தான் அவரும் கணவரும் குடியிருந்தார்கள். கணவர் பகலில் கலவை போடுவார், இரவில் காவல். வீடு முடிந்தால் அடுத்த வீடு. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அக்கா சமையலறையில்தான் படுப்பார். “பெரிய ரூம்ல படுத்தா மனசு ஒட்டிக்கும் தம்பி. அப்புறம் பிச்சு எடுக்கறது பெரும்பாடு.” ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார். துணிமூட்டை, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் தொங்கும். சீப்பு சாரக்கழியின் பிளவில் செருகியிருக்கும்.

முன்பு ஊரில் அவர்களுக்கு வேறொருவர் வயலில் கூலி வேலை. வரப்போரம் ஒரு குடிசை. அணை கட்டினார்கள், எல்லாம் தண்ணீருக்குள் போனது. “நெலம் வச்சிருந்தவங்களுக்கு நஷ்டஈடு. எங்களுக்கு வெறும் நஷ்டம்” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஊர் ஞாபகம் வருமா என்று கேட்டேன். “அங்க மட்டும் என்ன மாளிகையா கட்டி வச்சிருந்தேன்?” என்று குழாயை அடுத்த சுவருக்குத் திருப்பினார்.

அவர் ஏங்கியதெல்லாம் மகளுக்காக. தொலைவில் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். போனவள் ஒரு தடவைகூட வரவில்லை. “அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன்னு கேட்டா, ‘எந்த வீட்டுக்கு?’ங்கறாளாம் மாமியார்க்காரி. எம்பொண்ணு என்னன்னு பதில் சொல்லுவா?” பேரன் பிறந்ததையும் கைப்பேசியில்தான் பார்த்தார். அதன் கண்ணாடியில் ஒரு கீறல், சரியாகக் குழந்தையின் கன்னத்தின் மேல் ஓடியது. கன்னத்தில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல அதை விரலால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் காலை மாடியிலிருந்து கத்தினார். “தம்பி! எம்பொண்ணு வரா! புள்ளையைத் தூக்கிக்கிட்டு வரா!”

கத்திய வாய் மூடுவதற்குள் முகம் வாடியது. அந்த வாரம்தான் கதவுகள் மாட்டுவதாக இருந்தது. கதவு மாட்டினால் சாவி உரிமையாளர் கைக்குப் போய்விடும், இவர்கள் வெளியேறவேண்டும். அடுத்த இடத்தில் இன்னும் அடித்தளத்துக்கு வானம்கூடத் தோண்டவில்லை.

மேஸ்திரியிடம் போய் நின்றார். “கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க அண்ணே. எம்பொண்ணு வரா, பச்சப்புள்ளைய வெட்டவெளியிலயா போடுவா?”

“என் கையில என்னம்மா இருக்கு? ஓனர் நாள் குறிச்சிட்டாரு.”

தச்சர் இதைக் கேட்டபடியே இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் மேலே ஒட்டியிருந்த சீவலைத் தட்டிவிட்டு, உரிமையாளருக்குப் போன் போட்டார். “சார், மரம் இன்னும் காயல. இப்ப மாட்டினா வீங்கிக்கும். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லாதீங்க.” சுவரில் சாய்த்து வைத்திருந்த கதவு எலும்புபோலக் காய்ந்திருந்தது. மேஸ்திரி வேறு பக்கம் திரும்பி மீசையை நீவிக்கொண்டார்.

மகள் வந்தாள். முதல்முறையாக அக்கா பெரிய அறையில் படுக்கை விரித்தார். சிமெண்டுச் சாக்குகளைத் துவைத்து, ஒன்றோடொன்று தைத்து, கதவில்லாத வாசலில் திரையாகத் தொங்கவிட்டார். புதுத் தரையில் தவழ்ந்த குழந்தைக்கு முழங்கால் வழுக்கிக்கொண்டே போனது. உள்ளேயிருந்து மகளின் குரல் ஓயவில்லை: “அம்மா, வெந்நி!” “அம்மா, இவனப் புடி!” அக்கா வாளியோடு ஓடும்போது என்னைப் பார்த்து, “வந்ததுலேருந்து ஒரே அதிகாரம் தம்பி! மகாராணியப் பெத்து வச்சிருக்கேன்” என்று முறையிட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

ஊருக்குக் கிளம்பும்போது தெருமுனையில் மகள் கேட்டாள். “அடுத்த தடவை நான் எங்கம்மா வர்றது?”

“மொதல்ல பஸ்ஸப் புடி. அதுக்குள்ள எங்கயாச்சும் இருக்க மாட்டனா?”

பேருந்து போனபின் அக்கா வெகுநேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்து பெரிய அறையைக் கழுவிவிட்டார். மறுநாள் மரம் காய்ந்துவிட்டது. கதவுகள் ஏறின. துணிமூட்டையும் அடுப்பும் கலவை வண்டியில் போயின.

சில நாள் கழித்து அந்தப் புது இடத்தைத் தாண்டிப் போனேன். வெறும் மண். நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தது. கணவர் ஓரமாகப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார். கயிறுகளுக்கு நடுவே கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு அக்கா உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

“அடுத்த தடவை வரும்போது மார்க்கெட்டு தாண்டி எறங்கு... நேரா வா... ஏய், அந்தப் பக்கம் இல்லடி, பீச்சாங்கைப் பக்கம்... திரும்பிட்டியா?”

ஒவ்வொரு சொல்லுக்கும் அவருடைய மற்றொரு கை காற்றில் திரும்பியது. கடைசியில், மகள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல, விரலை நீட்டித் தன் காலடி மண்ணைக் காட்டினார்.