ஊசி உடைஞ்சிருச்சு

கழுத்தில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் தொங்குவதால் அவருக்குக் கத்தரி அக்கா என்று பெயர். எங்கள் தையல் கூடத்தின் மேற்பார்வை அவருடையது. அம்மா இறந்தபின் தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். பிறகு அவளை இதே கூடத்தில் பக்கத்தில் உட்காரவைத்துத் தையலும் பழக்கினார். அவள்தான் சின்னவள். வேலை சுத்தம், வாய் நீளம். பாதித் தையலில் அவளை எழுப்ப யாராலும் முடியாது.

ஒருநாள் நிலத்தைப் பற்றிப் படித்த ஒரு பெண் எங்களைப் பார்க்க வந்தார். வெட்டும் மேசையில் கிடந்த இரண்டு தடித்த துணிகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, மேலே நாலைந்து நூல்கண்டுகளை வைத்தார். ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளினார். துணிகள் நகரவில்லை. இன்னும் தள்ளினார். சட்டென்று இரண்டும் நழுவ, கண்டுகள் தரையில் சிதறி ஓடின.

"நமக்கு அடியிலயும் ரெண்டு பக்கத்துப் பாறை இப்படித்தான் மாட்டிக்கிட்டு நிக்குது. நகம் வளர்ற வேகத்துல தள்ளிக்கிட்டே இருக்கு. என்னைக்கு நழுவி நிலம் ஆடும்னு யாருக்கும் தெரியாது."

பிறகு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். கட்டிடத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையைத் தினமும் பார்க்கிறோம். நேராக வந்து, ஓரிடத்தில் ஒரு தெரு நீளத்துக்குப் பக்கவாட்டில் விலகி, மறுபடி நேராகப் போகும்.

"ஓடை தானா வளையல. நிலம் நகர்ந்து நகர்ந்து அதை இழுத்துட்டுப் போயிருக்கு. மனுஷங்க வர்றதுக்கு முன்னாலயிருந்து."

அக்கா மெல்லச் சொன்னார்: "இது மேலயா உக்காந்து நாம பட்டன் தெச்சுக்கிட்டிருந்தோம்?"

அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேலை. அலமாரிகளைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கினார். பாரமான பெட்டிகளைக் கீழே இறக்கினார். மணி அடித்தால் மேசைக்கடியில் புகுந்து, தலையை மறைத்து, மேசைக்காலைப் பிடிக்க வேண்டும் என்று பழக்கினார்.

ஒத்திகைக்கு மணி அடித்தது. நாங்கள் ஊசியைத் தூக்கினோம், நூலை அறுத்தோம், துணியை மடித்து வைத்தோம். அதன் பிறகுதான் குனிந்தோம். சின்னவள் அதற்குக்கூட வரவில்லை.

"இரு அக்கா, இந்தத் தையல்ல மூலை திரும்பிக்கறேன்."

"நீ மூலை திரும்பறதுக்குள்ள கூரை திரும்பிடும்டி!"

"பீஸ் கெட்டா நீதானே திட்டுவ?"

அந்தக் கையைப் பழக்கியவரே அக்காதானே. எத்தனை முறை மணி அடித்தும் சின்னவள் மூலை திரும்பிவிட்டுத்தான் வந்தாள். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் ஒருநாள் யாரோ கத்தினார்கள்: "ஊசி உடைஞ்சிருச்சு!"

நாங்கள் தைப்பது குழந்தைத் துணி. உடைந்த துண்டு கிடைக்கும்வரை எந்த மிஷினும் ஓடக் கூடாது. கால்கள் தாமாக மிதியிலிருந்து விலகின. வரிசை முழுக்க மேசைக்கடியில் புகுந்து தரையைத் துழாவியது. முதலில் புகுந்தவள் சின்னவள். மேலே காலி நாற்காலிகள் மட்டும். அக்கா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மணியைக் கழற்றிவிட்டார். "ஊசி உடைஞ்சிருச்சு" என்பதே இனி நிலநடுக்கத்துக்கான குரல்.

"நெஜமாவே உடைஞ்சா?" என்றாள் சின்னவள்.

"வாயத் தொறக்காம கையத் தூக்கு. உன்னால முடியாதுதான், இருந்தாலும் முயற்சி பண்ணு."

அது வந்தது ஒரு முற்பகலில். தரைக்கடியில் லாரி போவதுபோல ஓர் உறுமல். விளக்குகள் அணைந்தன. அந்த அரையிருட்டில் அக்காவின் குரல்: "ஊசி உடைஞ்சிருச்சு!"

துணியை உதறுவதுபோல யாரோ தரையை உதறினார்கள். இவ்வளவு பெரிய ஒன்று இத்தனை நாளும் நம் காலடியில் சும்மா இருந்ததா? எதிர்வரிசையில் விளக்குச் சட்டம் பிய்ந்து சின்னவளின் மிஷின்மேல் விழுந்தது. நாற்காலி நொறுங்கியது. மேசைக்கடியில் அவள் ஒரு கையால் மேசைக்காலைப் பிடித்தபடி, மறுகையால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் நின்றது. தூசி மெல்ல இறங்கியது. அக்கா தவழ்ந்தே அவளிடம் போனார்.

"துண்டு கெடைக்கலக்கா" என்றாள் சின்னவள். அப்போதுதான் தன் நாற்காலியைப் பார்த்தாள். அக்காவின் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஆட்டம் போயிடுச்சாக்கா?"

அக்கா உள்ளங்கையைத் தரையில் பதித்து வெகுநேரம் கவனித்தார்.

"போகலடி. அடியில கொஞ்சம் நகர்ந்து உக்காந்திருக்கு."