டிவியில் என் மனைவியின் குரல்

என் மனைவியின் போனைத் திறக்க அவளுடைய வலது கட்டைவிரல் வேண்டும். பக்கவாதம் வந்து அந்தக் கை விழுந்துவிட்டது. நாம் எடுத்து வைக்கிற இடத்தில் அப்படியே கிடக்கும். ஆனாலும் அந்த விரலைப் பிடித்து போனில் வைத்தால் உடனே திறந்துகொள்கிறது. அந்தக் கையால் இப்போது நடக்கிற ஒரே வேலை அதுதான்.

கையோடு பேச்சும் போய்விட்டது. சொல்வதெல்லாம் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் 'தா, தா' என்றுதான் வருகிறது. சோறு வேண்டுமா என்றாலும் 'தா', வலிக்கிறதா என்றாலும் 'தா'.

யாருக்கு வர வேண்டியது யாருக்கு வந்திருக்கிறது பாருங்கள். நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். திருமயம் ரூட்டில் பகல் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் வாய்க்குப் பூட்டுதான். வீட்டில் பேச்சு முழுக்க அவள் இலாகா. பால்காரரிடம் பேசுவது அவள். என் தங்கையிடம் என் சார்பில் கோபித்துக்கொள்வதும் அவள், பிறகு என் சார்பில் சமாதானமாகிக்கொள்வதும் அவள். எனக்கு வாய் போயிருந்தால் தெருவில் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவருக்குக் கண் அவிந்துதான் போயிருக்க வேண்டும்.

பயிற்சி கொடுக்கப் புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெண் வருகிறாள். அவள்தான் ஒருநாள் கேட்டாள். "அம்மா பேசின வீடியோ ஏதாச்சும் இருக்காங்கய்யா? இருந்தா டிவியில பெருசாப் போட்டுக் காட்டுங்க. அவங்க கொரலையே கேட்டா கூடச் சேந்து வாய அசைப்பாங்க. ஒன்னு ரெண்டு வார்த்தையாச்சும் திரும்ப வரலாம்."

இருக்கிறதாவா! போன் நிறைய அதுதான். துபாயில் இருக்கும் மகனுக்குத் தினமும் வீடியோ எடுத்து அனுப்புவாள். ஈன்ற மாடு, பலாவில் விட்ட பிஞ்சு, திருவரங்குளம் தேர், கொதிக்கிற மீன் குழம்பு. ஒன்றிலும் அவள் முகம் இருக்காது. எடுப்பது அவள், பேசுவது அவள், அவ்வளவுதான். போனில் ஓடுவதை டிவியில் வரவைக்க மகன் அங்கிருந்தே வழி சொன்னான். ஒரு சாயங்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன்.

படம் வந்தது. எங்கள் கொல்லைதான், டிவி நிறைய. "தம்பி, இங்கிட்டுப் பாரு. நேத்துப் பேஞ்ச மழையில அவரைக்கொடி எப்புடி ஏறியிருக்குன்னு." வீடு முழுக்க அவள் குரல். திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் இருந்தவளின் உதடு அசைகிறது. "த... த..." தம்பி என்று சொல்லப் பார்க்கிறாள்! அன்றைக்கு நான் தோசை கூடுதலாகவே தின்றேன். மகனைக் கூப்பிட்டு, "ஒங்கம்மா பேசிருவாடா" என்றேன்.

அடுத்தடுத்த நாட்களும் போட்டேன். அந்தத் 'த'வுக்கு மேல் நகரவில்லை. வேறு வீடியோ போட்டால் வருமோ என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டேன். அப்படிப் போட்டதுதான் அது.

வாசலில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். அவள் குரல் சிரித்துக்கொண்டே வருகிறது. "தம்பி, ஒங்கப்பா ஒக்காந்திருக்க அழகப் பாரு. என்னங்க, மகனுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க." டிவியில் நான் பேப்பரைத் திருப்புகிறேன். "பாத்தியா? வாயிருந்தும் ஊமை. எப்புடித்தான் இருக்காரோ. ஒரு நாளு பேசாம இருந்தா நானெல்லாம் செத்தே போயிருவேன்ப்பா."

நிறுத்தத் தெரியாமல் ரிமோட்டில் எதையெதையோ அமுக்கினேன். அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. கடைசியில் சுவிட்சையே அணைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுவதும் முகத்தின் ஒரு பக்கத்தில்தான் தெரிந்தது. நான் துண்டை எடுத்து இரண்டு கண்ணையும் துடைத்துவிட்டேன்.

மறுநாள் போனோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மாடோ தேரோ, நல்லதாக ஒன்றைப் போட்டால் நேற்றையது மறந்துவிடும் என்று நினைப்பு. வலது கை மடியில் இல்லை. சேலைத் தலைப்புக்குள் இருந்தது. விலக்கிப் பார்த்தேன். அந்தக் கட்டைவிரலை இடது கையால் இறுகப் பொத்திப் பிடித்திருந்தாள். மெல்ல இழுத்தேன். விடவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவ பாப்போமா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. என்னத்தையாவது சொல்லியிருக்கலாம். மாட்டைப் பற்றியோ, அவரைக்கொடியைப் பற்றியோ. வாயைத் திறந்தேன். எனக்கும் ஒன்றும் வரவில்லை.