எங்கண்ணன் கத்துனது

எங்கண்ணன் செத்து ஆறு மாசம் ஆச்சு. மஞ்சக்காமாலை. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தோம், பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம், ஒண்ணும் கேக்கல. இருபத்தாறு வயசு. துக்கம் கேக்க வந்தவுக எல்லாரும் ஒரே வார்த்தையத்தான் சொன்னாக: "எம்புட்டுக் கொரலு! இனி அந்தக் கொரல எங்க போயிக் கேக்க?"

சொன்னவுகள்ல பாதிப் பேருக்கு அந்தக் கொரலு என்னத்தக் கத்துச்சுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா எங்கம்மா முன்னால அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டாக.

அவன் பாட்டுக்காரன் இல்ல. ராஜபாளையத்துல நாங்க வேலை பாத்த நூல் மில்லுக்கு ஒரு ஃபுட்பால் டீம் உண்டு. அதுல அவன் ஆடவும் இல்ல. பந்தக் கண்டா எங்கண்ணனுக்குக் காலு ரெண்டும் பின்னிக்கிரும். அவனுக்குக் கத்துறதுதான் வேலை. மில்லு கிரவுண்டுல கோல் கம்பத்துக்குப் பின்னால ஒரு குட்டிச்செவரு கெடக்கும். அதுல ஏறி உக்காந்தான்னா எதுத்த டீம் கீப்பருக்கு ஏழரைதான்.

அந்தக் கத்து அவனே கட்டுனது. மேல இருந்து அவன் கேப்பான். கீழ நிக்கிற அம்பது அறுவது பயலுக, கீப்பரே பேசுற மாரி கொரல ஒல்லியாக்கிப் பதில் சொல்லுவானுக.

"ஏலே கீப்பரு!"

"என்னங்க?"

"கையில என்ன?"

"கண்ணாடி வளையலு!"

"தலையில என்ன?"

"தாழம்பூச் சடை!"

"அப்ப நீ யாரு?"

"பொட்டச்சி!"

"போயி என்ன செய்வ?"

"சோறு பொங்குவேன்!"

இதுல கூத்து என்னன்னா, எங்க வீட்ல சோறு பொங்குனதே அவந்தான். எனக்கும் அம்மாவுக்கும் காலைல ஷிப்டு. நூலு சுத்துற வைண்டிங் செக்சன்ல நின்னு கால் கடுத்துப் போயி நாலு மணிக்கு வந்தா சோறு வடிச்சிருக்கும், ரசம் மணக்கும். கதவச் சாத்திக்கிட்டுத்தான் பொங்குவான். ஒலைய எறக்கி வச்சிட்டு, கையத் தொடச்சிட்டு, சட்டைய மாட்டிக்கிட்டு நேரா கிரவுண்டுக்குப் போயி, "போயி என்ன செய்வ?"ன்னு கேப்பான்.

"ஏட்டி, வெளிய சொல்லிறாத. மானம் போயிரும்."

"போறதுக்குச் சோத்துல என்ன மானம்ணே இருக்கு?"

"சோத்துல ஒண்ணும் இல்லட்டி. பொங்குற கையிலதான் இருக்கு."

மில்லு விட்டா நாங்க அந்தக் கிரவுண்டு ஓரமாத்தான் வீட்டுக்கு வரணும். வேற பாதை கெடையாது. எங்களுக்கும் அந்தப் பயலுக கத்து வச்சிருந்தானுக. ஒருத்தி தனியா வந்தா "ஆஃப்சைடு!". ரெண்டு பேரு சேந்து வந்தா "பாஸ் குடு, பாஸ் குடு!". எங்க செக்சன்ல கொஞ்சம் தடிச்ச அக்கா ஒருத்தி. அவ வந்தா மட்டும் எல்லாவனும் சேந்து "கோல் கிக்கு!". அந்த அக்கா வாயி லேசுப்பட்ட வாயி இல்ல, சூப்பர்வைசரையே ஓட விட்டவ. ஆனா அந்தச் செவத்தத் தாண்டுற வரைக்கும் அவளும் குனிஞ்ச தலை நிமிர மாட்டா.

ஒருநா எனக்கு மிசின்ல நூலு சிக்கி லேட்டாயிருச்சு. தனியா வாரேன். தலையெல்லாம் பஞ்சு, மேல ஒரு துண்டப் போத்திருக்கேன். செவத்து மேல இருந்து ஒரு கொரலு, "ஆஃப்சைடு!"

நிமுந்து பாத்தேன். எங்கண்ணன்.

அவனும் பாத்துட்டான். மறு நிமிசம் செவத்துல ஆளக் காணோம். அந்தப் பக்கமாக் குதிச்சிட்டான். முள்ளு கெடந்துச்சு போல, சாயங்காலம் நொண்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தான்.

"நீன்னு தெரியாதுட்டி."

"நான் இல்லேன்னா?"

குனிஞ்சு கால் முள்ளப் புடுங்குனான். "கூட்டத்துல கத்துறது எல்லாம் கணக்குல வராது."

"கத்துறவனுக்கு வராது. நடந்து போறவளுக்கு வருதே."

நாலு நா அவங்கூட நான் பேசல. அதுக்குப் பொறவு ரோட்டுல போற பொம்பளைகளப் பாத்து அவன் கத்துனதே இல்ல, மத்தவனுகளையும் கத்த விடல. கீப்பரக் கேலி பண்ணுற அந்தக் கத்த மட்டும் விட மாட்டேன்னுட்டான். "அவனத்தான சொல்லுதேன், உன்னையவா சொல்லுதேன்?"ம்பான்.

"அவனத் திட்டுறதுக்கு என்னைய ஏம்ணே இழுக்க?"ன்னு கேட்டா, "ரசத்துக்கு உப்புப் பத்துமா பாரு"ன்னு பேச்ச மாத்திருவான்.

அந்தக் கத்து ஒரே ஒரு எடத்துலதான் பலிக்காமப் போச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல. ஆடி மாசம், ஆண்டாளுக்குத் தேரு நெருங்குற சமயம். அந்த ஊரு டீமோட மேட்சு. இவனுக கத்துறதோட நிக்காம நெசமாவே வளையல வாங்கி கீப்பரு மேல எறியணும்னு முடிவு பண்ணிருக்கானுக. அங்க தெருவெல்லாம் வளையல்கடை. எங்கண்ணன் போயி ரெண்டு டசன் குடுங்கன்னுருக்கான்.

கடைக்காரரு, "என்ன அளவு?"ன்னு கேட்டாராம்.

"அளவெல்லாம் வேண்டாம், குடுங்க."

"அளவு இல்லாம வளையல் எப்பிடிய்யா குடுக்க? போடப் போறது யாரு?"

பின்னால நின்னு ஒருத்தன் சிரிக்கவும் இவன், "ரெண்டு நாலு"ன்னுட்டான்.

ரெண்டு நாலு என் கை அளவு. நான் அவங்கிட்டச் சொன்னதே இல்ல. இது அவன் செத்த பொறவு அவன் கூட்டாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரு எங்க டீம்ல முன்னால ஆடுறவரு, அன்னைக்குக் கடையில பக்கத்துல நின்னாராம். அவரு அதச் சிரிப்பாத்தான் சொன்னாரு. நான் அடுப்படிக்குள்ள போயி அழுதிட்டு வந்தேன்.

கிரவுண்டுல, "கையில என்ன?"ன்னு இவன் கேக்க, பயலுக "கண்ணாடி வளையலு!"ன்னு கத்திக்கிட்டே எறிஞ்சிருக்கானுக. அந்த ஊரு கீப்பரு குனிஞ்சு ஒரு வளையல எடுத்தானாம். கண்ணுல ஒத்திக்கிட்டு டவுசர் பையில போட்டுக்கிட்டான். அவுக ஊரு ஆளுகளும் ஓடி வந்து கோலுக்குள்ள பெறக்க ஆரமிச்சுட்டாகளாம். ஆத்தாவுக்கு வளையல் சாத்துற மாசத்துல வளையல் வந்து விழுந்தா யாரு விடுவா? ஒரு பெரியவரு, "நல்லா இருங்கய்யா, இன்னும் இருக்கா?"ன்னு கையேந்திருக்காரு.

எங்கண்ணன் விடல. "அப்ப நீ யாரு?"ன்னு கத்திருக்கான். அவனுக ஊர்க்காரனுகளே பதிலுக்கு, "ஏலே, எங்க ஊர்ல பொட்டப்புள்ளதாம்லே தேருல வாரா! வந்து வடம் புடிச்சு இழுலே!"

நாங்க ரெண்டு கோல்ல தோத்தோம். அவன் வீட்டுக்கு வந்து இதச் சொல்லிச் சொல்லி, சிரிப்பு தாங்காம சோத்துல மோர ஊத்துறதுக்குப் பதிலாத் தண்ணிய ஊத்திக்கிட்டான்.

இப்ப ரெண்டு வாரத்துக்கு முன்ன அந்தக் கூட்டாளி அண்ணன் வந்தாரு. எங்கண்ணன் நெனவா ஒரு மேட்சு போடுறாகளாம். ஸ்ரீவில்லிபுத்தூர் டீமே வருதாம். "ஆட்டம் ஆரமிக்கவும் எல்லாரும் சேந்து அவன் கட்டுன கத்த அப்பிடியே கத்தப் போறோம் தங்கச்சி. அதுதான் அவனுக்கு மாலை."

மறைக்காமச் சொல்லுதேன், எனக்கு அதக் கேக்க ஆசை. அவன் கொரல நாங்க டேப்புல புடிச்சு வைக்கல. ஒரு போட்டோ இருக்கு, அதுல வாய மூடிக்கிட்டு நிக்கான். அந்தக் கத்தத் தவிர அவன் கொரலுன்னு எதுவுமே மிச்சம் இல்ல. ஆனா ஊரே கூடி எங்கண்ணன் பேரச் சொல்லி "பொட்டச்சி"ன்னு கத்தவா? அவன் இருந்தா சண்டை போடலாம். செத்தவங்கிட்ட எப்பிடிச் சண்டை போட?

"அண்ணே, அந்த ஒரு வார்த்தைய மட்டும் விட்டுருங்க."

"அத விட்டா கத்துல என்னம்மா இருக்கு? கறி இல்லாத கறிக்கொழம்பு மாரி."

"விடலேன்னா எங்க வீட்ல சோறு பொங்குனது யாருன்னு கிரவுண்டுல வச்சுச் சொல்லுவேன்."

"யாரு?"

சொன்னேன். அவரு டம்ளரக் கீழ வச்சிட்டாரு. "அவனா?"ன்னாரு. பொறவு ரொம்ப மெதுவா, "நான் துணிதான் தொவைப்பேன்"னாரு.

ஆனா விடுதோம்னு வாயத் தொறந்து சொல்லல. அதனால நானே போனேன். தனியாப் போகத் தைரியம் இல்ல. கோல் கிக்கு அக்காவையும் வைண்டிங்ல இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கிட்டேன். அந்தக் கிரவுண்டுல பொம்பளைக நின்னு ஆட்டம் பாத்ததே இல்ல. செவத்துக்குப் பக்கத்துலயே போயி நின்னோம்.

மொதல்ல ஒரு நிமிசம் எல்லாரும் பேசாம நின்னாக. பொறவு செவத்து மேல ஒருத்தன் ஏறுனான்.

"ஏலே கீப்பரு!"

"என்னங்க?"

"கையில என்ன?"

"கண்ணாடி வளையலு!"

அப்பத்தான் எங்களப் பாத்தானுக. "தாழம்பூச் சடை" பேட்டரி தீந்த ரேடியோ மாரி வந்துச்சு.

"அப்ப... நீ யாரு?"

அம்பது பேரும் காலையே பாக்கானுக. பின்னால இருந்து எவனோ பயத்துல, "மனுசன்!"னு கத்திட்டான்.

கீப்பரு கம்பத்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். எங்களாலயும் அடக்க முடியல. அதோட கத்து நின்னு போச்சு. ஆட்டம் எழவு வீடு மாரி நடந்துச்சு. பந்த ஒதைக்கிற சத்தம் மட்டுந்தான். கீப்பரே திரும்பி, "ஏய்யா, எதையாச்சும் கத்துங்கய்யா, ஒரு மாரியா இருக்கு"ன்னான்.

நான் செயிச்சுட்டேன்னு நெனச்சேன். ஆனா சந்தோசமே இல்ல. கேக்கணும்னு வந்ததக் கேக்க விடாமப் பண்ணிட்டு நிக்கேன்.

கடைசி நேரம், ரெண்டு பக்கமும் கோலு இல்ல. கூட்டாளி அண்ணங்கிட்டப் பந்து வருது. முன்னால கீப்பரத் தவிர ஒரு ஆள் கெடையாது. இந்தா அடிப்பாரு, அந்தா அடிப்பாருன்னு பாக்கோம், மனுசன் பந்தத் தடவிக்கிட்டே வாராரு. எனக்கு அடிவயித்துல இருந்து ஏறுச்சு.

"ஏலே பொட்டச்சி! அடிலே!"

நாந்தான். கொரலோட கனமும் இழுப்பும் அச்சு அசலா எங்கண்ணனோடது.

கூட்டாளி அண்ணன் அப்பிடியே நின்னுட்டாரு. பந்த மறந்து திரும்பி, செவத்து உச்சியத் தேடுனாரு. கீப்பரு நடந்து வந்து, அவரு காலடியில கெடந்த பந்த எடுத்துக்கிட்டுப் போனான்.

ஆட்டம் அப்பிடியே முடிஞ்சுச்சு. ஒரு பயலும் என்னைய வையல. கூட்டாளி அண்ணன் வந்தாரு, கண்ணு செவந்திருந்துச்சு. "செத்த நேரம் அவன் வந்துட்டான்னு நெனச்சேன் தங்கச்சி"ன்னாரு. பொறவு, "ஆனா அந்த வார்த்தைய நீயே சொல்லிட்டியேம்மா"ன்னாரு. கேக்க ஆசைப்பட்டதக் கேட்டுட்டேன். கேக்கக் கூடாதுன்னு நெனச்சதையும் சேத்துத்தான் கேட்டேன்.

மறுநா இருந்து மிசின்ல நிக்கும்போது அந்த எடத்துக்கு வேற வார்த்தை தேடுதேன். "சோம்பேறி"ன்னு போட்டா வாத்தியாரு வையிற மாரி இருக்கு. "தூங்குமூஞ்சி" நீளம். நல்ல வார்த்தைக்கு அந்த ருசியே வர மாட்டேங்குது.

கோல் கிக்கு அக்கா மிசின் ஓசைக்கு மேல கத்துனா, "ஏட்டி, இப்பிடி வையி. 'அப்ப நீ யாரு?' 'ஆம்பள!' 'போயி என்ன செய்வ?' 'சோறு எங்கன்னு கேப்பேன்!'"

செக்சனே சிரிச்சதுல நாலு கோன்ல நூலு அறுந்து சூப்பர்வைசர் ஓடியாந்தாரு.

கூட்டாளி அண்ணங்கிட்டச் சொன்னேன். தலையச் சொறிஞ்சாரு. "இத எப்பிடிம்மா நாங்க கத்துறது?"

"கூச்சமா இருந்தா பதிலு மட்டும் சொல்லுங்க. கேக்குறது நான் கேக்கேன்."

ஞாயித்துக்கெழம செட்டியார்பட்டி டீமோட மேட்சு. அன்னைக்குக் கத்துனதுல தொண்டை இன்னும் கட்டித்தான் கெடக்கு. அம்மா எதுக்குன்னு கேக்காமலே உப்புத்தண்ணி காய்ச்சிக் குடுக்கா.