அரக்கனுக்குக் கோபமூட்டிய பக்கிரிசாமி

வாய் மட்டும் இல்லையென்றால் பக்கிரிசாமியை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று தோட்டத்தில் சொல்வார்கள். தேயிலை லோரி ஓட்டுகிறவன். ஏறுகிறவன், இறங்குகிறவன் எல்லாரையும் வம்புக்கு இழுப்பான். அதில் பெரும்பங்கு தங்கை திலகத்தின் புருஷன் மணியத்துக்குத்தான் போகும். மாமன் மச்சான் கேலியை யார் குற்றம் சொல்ல முடியும்? தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரான மணியமும் சிரித்துவிட்டுப் போகிற ஆள்தான்.

எண்பத்து மூன்றில் மணியம் கோலாலம்பூரிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கி வந்தான். ஆளுக்கொரு வேஷம். மணியம் கதை சொல்லுவான், வழியில் வரும் அரக்கனுக்கும் அவனே குரல். மற்றவர்கள் தாயக்கட்டை மாதிரி பகடைகளை உருட்டி அரக்கனோடு மோதவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பக்கிரிசாமி வீரன், தங்கை மகள் ஜெயா வைத்தியக்காரி. வீரனுக்கு ஒரு தனி வித்தை உண்டு. அவன் ஏசினால் அரக்கன் மற்றவர்களை விட்டுவிட்டு அவன் மேலேயே பாய்வான்.

"பகடைய உருட்டுங்க மச்சான், எண்ணு விழுந்தா போதும். பெட்டியோட வந்த புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"எண்ணு விழுந்தா யாருக்கு மாப்பிள கோபம் வரும்? வாயால ஏசினாத்தான் ஏச்சு லா!"

ஒரு ஞாயிறு முழுக்க இதே வழக்கு. கடைசியில் மணியம்தான் இறங்கி வந்தான். சரி, வாயாலேயே ஏசலாம். கோபம் வந்ததா இல்லையா என்பதை அரக்கன் சொல்லுவான். ஜெயித்த தெம்பில் பக்கிரிசாமி வீட்டுக்குப் போனான். பாவி, அன்றைக்குத் தோற்றிருக்கலாம்.

மறுவாரம் அரக்கன் வைத்தியக்காரியைப் பிடித்துக்கொண்டான். இன்னொரு அடி விழுந்தால் அவள் காலி.

"மாமா, ஏசுங்க மாமா!" என்றாள் ஜெயா.

"டேய் சட்டித்தலையா!" என்றான் பக்கிரிசாமி.

"கோபம் வரல," என்று மணியம் சிரித்தான்.

"இருட்டுல பொறந்த பன்னி!"

"வரல மச்சான்."

மருமகளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அந்தப் பதற்றத்தில் நாக்கு நுனியில் வந்ததை விட்டுவிட்டான்.

"விடியட்டும் விடியட்டும்னு உக்காந்திருந்து, பெத்த பிள்ளையத் தூக்கிக் குடுத்தவன்தானடா நீ!"

ஜெயாவுக்கு ஒரு தம்பி இருந்தான். முந்தின வருஷம் அடைமழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று வீட்டில் இருந்துவிட்டார்கள். பிள்ளை விடிவதற்குள் போய்விட்டது.

"கோபம் வந்துருச்சு மச்சான்," என்றான் மணியம், மெதுவாக. "ஜெயா தப்பிச்சிருச்சு." பகடைகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டான். அடுப்படி வாசலில் நின்ற திலகம் உள்ளே போய்விட்டாள்.

பக்கிரிசாமி மன்னிப்புக் கேட்கப் போனான். "விடுங்க மச்சான், விளையாட்டுதானே," என்றான் மணியம். திலகம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், முகம் கொடுக்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து அவனுக்கு அழைப்பே இல்லை. லோரியில் ஏறியவர்கள் வலிய வந்து வம்பிழுத்தாலும் அவன் வாய் திறப்பதில்லை.

ஒன்றை மட்டும் நம்பிக்கொண்டிருந்தான். ஜெயா பெரியவளானால் தாய்மாமன் சீர் அவன்தானே கொண்டுபோக வேண்டும்? தாய்மாமனை யார் தள்ளிவைக்க முடியும்? அந்த ஒரு நாள் வந்தால் தங்கை பேசிவிடுவாள் என்று கிடந்தான்.

அந்த நாளும் வந்தது. ஈப்போவுக்குப் போய்ப் பட்டுப்புடவை எடுத்து, பழமும் வளையலும் தட்டில் அடுக்கிக்கொண்டு சடங்குக்குப் போனான். உள்ளே மாமன் இடத்தில் அவன் பெரியப்பா மகன் காளியண்ணன் மாலையோடு உட்கார்ந்திருந்தான். திலகம் வாசலுக்கு வந்தாள்.

"மாப்பிள வேணாம்னுட்டாரா?"

"அவரு உங்களத்தான் கூப்பிடணும்னு நின்னாரு. நான்தான் வேணாம்னேன். பிள்ளைய மழையில நனைக்க வேணாம், விடியட்டும்னு சொன்னது நாந்தாண்ணே. இத்தன வருசமா அவரு அத யாருகிட்டயும் சொல்லல."

பக்கிரிசாமி தட்டை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று நின்றான். அவள் சொல்லவில்லை.