தையல்காரியின் வலது கை

வலது கை மறுபடியும் ஹேண்டில்பாரை விட்டுவிட்டது. சைக்கிள் ஒரு பக்கம், தையல்காரி ஒரு பக்கம். முழங்கையில் ஒட்டிய மண்ணை ஊதிவிட்டு எழுந்தாள்.

காலில் குறையில்லை. முப்பது வருடமாகத் தையல் மிஷின் மிதித்த கால். கைதான் காலை வாரியது. மிஷினை நிறுத்த வலது கையால் அதன் சக்கரத்தைப் பிடிப்பாள். நூல் அறுந்தாலும், வாசலில் யாராவது கூப்பிட்டாலும் கை தானாக அங்கே போகும். சைக்கிளிலும் அப்படியே. நிறுத்த நினைத்தால் பிரேக்கை மறந்து, இல்லாத சக்கரத்தைக் காற்றில் துழாவும். இந்தக் கோடையில் எட்டு முறை விழுந்திருக்கிறாள். எட்டும் வலது பக்கம்.

சைக்கிள் கணவருடையது, கல்யாணமான மாதம் வாங்கியது. இரண்டு சீட், நான்கு செயின், கணக்கில்லாத டயர்கள் மாற்றிய பிறகும் அதே வண்டிதான் என்று சாதிப்பார். அதன் கேரியரில் உட்கார்ந்துதான் அவள் ஊரைப் பார்த்தது. பார்த்ததில் பாதி அவர் முதுகு. இப்போது அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. சனிக்கிழமை மாலை வண்டியை விலைக்குத் தருவதாக ஒருவரிடம் சொல்லியிருந்தார்.

“குடுக்காதீங்க. நான் ஓட்டுறேன்.”

“நீயா? ஆத்துப் பாலத்தைத் தாண்டித் திரும்பி வா, பாப்போம். எங்கயும் கால் ஊனக் கூடாது. வந்துட்டா வண்டி உன்னுது.”

நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நாள் பூரா மிதிக்கிறது போதலையா அண்ணி?”

“முப்பது வருஷமா மிதிக்கிறேன். ஒரு அடி நகர்ந்திருப்பேனா, சொல்லு.”

சனிக்கிழமை காலை, வலது மணிக்கட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துப் பிடிக்க ஒரு எலாஸ்டிக் வளையம் தைத்து மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கை விலகினால் இழுத்து வரும். பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. உச்சியைத் தொட்டதும் மிதிப்பதை நிறுத்தினாள், வண்டி நிற்கவில்லை. வெயிலில் காய்ந்த காற்று, சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் கைகளை உப்ப வைத்தது. எதிரில் யாருடைய முதுகும் இல்லை. ஆறு மொத்தமாகத் தெரிந்தது.

பாலம் முடியுமிடத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. விரல்கள் பிரேக்கைப் பிடித்தன. வண்டி நிற்காமல் ஊர்ந்தது, ஆடு போனது. அப்போதுதான் பார்த்தாள், எலாஸ்டிக் எங்கோ அறுந்து விழுந்திருந்தது.

தெருமுனையிலிருந்தே மணி அடித்துக்கொண்டு வந்தாள். கணவர் வாசலில் நின்றிருந்தார்.

“எங்கயும் ஊனலையே?”

“செருப்பைப் பாருங்க. ஒரு பொட்டு மண்ணு இருக்கா?”

குனிந்து உண்மையாகவே பார்த்தார். பிறகு போனை எடுத்தார். “வண்டி இல்லீங்க. வேற ஆள் எடுத்துட்டாங்க.” நாத்தனார் கேரியரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிறு. திங்களன்று தர வேண்டிய சட்டை ஒன்று பாக்கியிருந்தது. காலரின் மூலை வந்ததும் மிஷினை நிறுத்தப் போனாள். வலது கை சக்கரத்துக்குப் போகவில்லை. விரல்கள் நான்கும் காற்றில் மடங்கி இறுக்கிப் பிடித்தன. தையல் மூலையைத் தாண்டி ஓடியது.