பெட்டி பெட்டியாய்ப் போன சேதி

ஒரு தனியார் கிளினிக்கிலை பதிவு மேசை வேலை எனக்கு. டொக்டர் வாற நாள், மாறின நேரம் எல்லாத்தையும் நோயாளியளுக்கு மெசேச் போடுறது நான்தான். ஆரும் நம்பர் தந்தால் முதல்லை கேப்பன், "ரச் போனோ, பட்டன் போனோ?" எண்டு. போனுக்குள்ளாலை எழுத்துப் போறேல்லை. எழுத்துக்கு ஒரு எண் இருக்கு, அதுதான் போகும். எந்த எண் எந்த எழுத்தெண்டு வாங்கிற போனுக்கும் தெரியவேணும். பழைய பட்டன் போன் கனக்கத்துக்குத் தமிழ் தெரியாது, வெறும் பெட்டி பெட்டியாய்க் காட்டும். அதாலை அவையளுக்கு இங்கிலீசு எழுத்திலை தமிழை எழுதி அனுப்புவன். கூட வேலை செய்யிறவள் ஒருக்கால் இதை மறந்துபோய், ஒரு கிழவர் கொதிக்கிற வெயிலுக்கை வந்து சும்மா திரும்பிப் போனார். அவளை நான் பேசாத பேச்சில்லை.

ஊருக்குத்தான் உபதேசம்.

போன மாரியிலை அம்மா மோசம் போனா. சொந்தக்காரர் எல்லாருக்கும் சாவுச் சேதியை ஆள்விட்டுச் சொன்னம். சாவகச்சேரியிலை இருக்கிற மாமாவுக்கு மட்டும் விடேல்லை. அம்மாவின்ரை ஒரே தமையன். ஒரு வேலிச் சண்டையாலை ரெண்டு பேரும் கன வருசமாய்க் கதை பேச்சில்லை. எவ்வளவு கோபமெண்டாலும் செத்தவீட்டுச் சேதியை அவையின்ரை வாசலிலை போய் நிண்டு வாயாலை சொல்லவேணும். சொன்னால் எந்தக் கோபக்காரரும் வருவினம். எனக்கெண்டால் பயம். கோல் எடுத்தால் என்ன கத்துவாரோ எண்டிட்டு, "அம்மா மோசம் போயிட்டா மாமா. நாளைக்குக் காலமை எடுக்கிறம். வாங்கோ" எண்டு தமிழிலை ஒரு மெசேச் தட்டிவிட்டன். மாமாட்டை பட்டன் போன் எண்டு எனக்குத் தெரியும். அந்த நேரம் யோசிக்கேல்லைத்தான். ஆனால் யோசிக்கவேண்டிய ஆள் நானெல்லோ!

வாய்க்கரிசி போடேக்கை சனம் வாசலைப் பாத்தது. "தமையன் எங்கை?" எண்டு ஒரு மனுசி கேக்க, "சொல்லியாச்சு. கல்நெஞ்சுக்காரன், வரேல்லை" எண்டன், எல்லாருக்கும் கேக்கத்தக்கதாய். அண்டையோடை மாமாவின்ரை பேர் நாறிப்போச்சு.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சொல்ல அவரிட்டை ஒருத்தரும் போகமாட்டமெண்டிச்சினம். நாலு கேள்வி கேட்டிட்டு வாறனெண்டு நான் பஸ் ஏறினன். மாமா முற்றத்திலை மாட்டுக்கு வைக்கல் போட்டுக்கொண்டு நிண்டார். "தங்கச்சிக்கு ஒரு பிடி அரிசி போட உங்களுக்கு மனம் வரேல்லையோ?" எண்டன்.

"எனக்கு ஆர் பிள்ளை சொன்னது? எட்டாம் நாள் எட்டுச்செலவும் முடிஞ்சாப்பிறகு சந்தையிலை ஒருத்தன் நக்கலாய்க் கேக்கத்தான் அறிஞ்சனான்."

போனை வாங்கிப் பாத்தன். மேலையும் கீழையும் கொம்பனி விளம்பரங்கள், எல்லாம் பெட்டி பெட்டியாய். நடுவிலை என்ரை நம்பர். அதுக்குக் கீழையும் பெட்டிதான். ஐயோ!

"இது நான் அனுப்பினது மாமா."

"இதோ? விளம்பரமாக்கும் எண்டெல்லே விட்டனான். ஆரிட்டையும் காட்டிக் கேட்டிருக்கலாம். என்ரை பிழைதான், மன்னிச்சுக்கொள் பிள்ளை."

அவர் என்னை அடிச்சிருக்கலாம். "உங்கடை பிழையில்லை. இப்பிடித்தான் வருமெண்டு எனக்குத் தெரியும், அதுதான் என்ரை வேலையே. செத்தவீட்டிலை உங்களைக் கல்நெஞ்சுக்காரன் எண்டதும் நான்தான்" எண்டு அழுதுகொண்டு சொன்னன். மாமா அந்தப் பெட்டியளைத் தொட்டுக் காட்டினார்.

"என்ன எழுதினனீ? வாசி."

என்ரை போனை எடுத்து வாசிச்சன். "அம்மா மோசம் போயிட்டா மாமா..." அவ்வளவுதான். சாவை ஏற்கெனவே அறிஞ்ச மனுசன், அப்பதான் முதல்முதல் கேக்கிறமாதிரி வைக்கலைப் போட்டிட்டு நிலத்திலை குந்தியிருந்து, "என்ரை தங்கச்சி, என்ரை தங்கச்சி" எண்டு குழறினார். பக்கத்து வீட்டுச் சனமும் ஓடிவந்திட்டுது.

கொஞ்சத்தாலை எழும்பி உள்ளை போனார். வெள்ளை வேட்டியும் சால்வையுமாய் வெளியிலை வந்தார்.

"வா பிள்ளை. செத்தவீடு சொன்னாப்பிறகு நிக்கக்கூடாது" எண்டார்.

அம்மாவை எரிச்சு அப்ப மாசமாகப்போகுது. நான் அவருக்குப் பின்னாலை நடந்தன்.