முனிராஜ் ரூட்டும் ஏழு சந்தும்

முனிராஜ் தன் வாழ்நாளில் ஓடியது மொத்தம் மூன்று தடவை. மூன்றும் பஸ்ஸைப் பிடிக்க. மூன்றிலும் பஸ்தான் ஜெயித்தது. அப்படிப்பட்ட மனிதரின் பெயரில் ஓர் ஓட்டப்பந்தயப் பாதை இருந்தது என்றால், அதற்குக் காரணம் அவருடைய கால் இல்லை, கண்.

சந்தாபுரா பக்கம் ஒரு காலேஜ். தொண்ணூறுகளில் அந்தக் காலேஜை நம்பித்தான் சுற்றுவட்டாரமே சோறு தின்றது. இந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை, அந்தப் பக்கம் பேக்கரி, நடுவில் மெஸ், மெஸ்ஸுக்கு மேலே ஹாஸ்டல். ஒரு கல்லை எறிந்தால் நாலு பி.காம். மாணவர்கள் மேல் பட்டுத்தான் கீழே விழும். அங்கே முனிராஜ் மார்க்கர், அதாவது மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுகிறவர். ஈஜிபுராவில் வீடு. காலை நாலரைக்கே சைக்கிளில் கிளம்பிவிடுவார். அவர் மிதிக்கிற வேகத்துக்கு ஓசூர் ரோட்டில் எருமை மாடுகள்கூட அவரை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்க்கும்.

அந்தக் காலேஜில் வருஷா வருஷம் டிசம்பரில் நீண்ட தூர ஓட்டப்பந்தயம் நடக்கும். நீண்ட தூரம் என்றால் மைதானத்தையே இருபது சுற்று. பதினைந்தாவது சுற்றில் தாங்கள் ஓடுகிறோமா, மைதானம் ஓடுகிறதா என்று பையன்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். முனிராஜோ தொலைந்துபோன கிரிக்கெட் பந்துகளைத் தேடித் தேடியே பின்பக்கச் சுவருக்கு அப்பால் இருந்த உலகத்தை முழுசாகப் பார்த்து வைத்திருந்தார். தைலமரத் தோப்பு, அதைத் தாண்டி ஏரிக்கரை, கரையோரம் பனியில் நனைந்து மணக்கும் அவரைத் தோட்டம், பிறகு ராகிக் கொல்லை. இத்தனை அழகைச் சுவருக்கு வெளியே வைத்துக்கொண்டு பிள்ளைகளைச் செக்கு மாடு போலச் சுற்றவிடுகிறீர்களே என்று பி.டி. மாஸ்டர் ஹெர்பர்ட்டிடம் கேட்டார். ஹெர்பர்ட் ஒருநாள் காலையில் கூடப் போய்ப் பார்த்தார். ஏரிக்கரையில் நின்றவர் விசில் ஊதக்கூட மறந்துவிட்டார். அவர் விசில் ஊத மறந்தது சர்வீஸிலேயே அந்த ஒரு தடவைதான்.

தொண்ணூற்றாறில் புது வழியில் முதல் ஓட்டம். ஒன்பது பேர் தோப்புக்குள் வழி தப்பினார்கள். ஒருவனை மத்தியானம் அத்திப்பள்ளியில் ஒரு ஓட்டலில் கண்டுபிடித்தார்கள். நம்பர் சட்டையோடு மூன்றாவது பிளேட் இட்லியில் இருந்தான். பிரின்சிபால் பெர்னதெத் மேடம் கோபமாகப் பேசமாட்டார், மெதுவாகத்தான் பேசுவார். அதுதான் பயம். மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வருஷம் ஒரே ஒருத்தர் வழி தப்பினாலும் போதும், முனிராஜ். பழையபடி கிரவுண்டுக்குள்ளயே ஓடட்டும்."

முனிராஜுக்கு வேலை போகப் போவதில்லை, சம்பளம் குறையப் போவதில்லை. ஆனாலும் வருஷம் பூராவும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது, நாலு தட்டு சாப்பிடுகிறவர் மூன்றோடு எழுந்துவிட்டார். பிள்ளைகள் அந்தப் பாதையை 'முனிராஜ் ரூட்' என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். நோட்டீஸ் போர்டில் அப்படியே டைப் அடித்து ஒட்டியும் இருந்தார்கள். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் தன் பெயரை அச்சில் பார்க்காத மனிதர், பந்து தேடுகிற சாக்கில் தினமும் அந்த போர்டு வழியாகத்தான் போவார்.

ஆகவே தொண்ணூற்றேழில் பலமாக யோசித்தார். மரங்களுக்கு நடுவில்தானே வழி தப்புகிறார்கள்? தோப்புக்குள் ஓடும் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, பாதையை ஏரிக்கரையிலிருந்து கங்கம்மா கோயில் தெருவுக்குள் திருப்பினார். ஏழு சந்து பிரிகிற தெருதான். ஆனால் ஒவ்வொரு சந்திலும் யானை படுத்தாற்போல ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால் யார் தப்புவார்? சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மூட்டைச் சுண்ணாம்பையும் காலி செய்து அம்புகளைப் போட்டார். கடைசி அம்பைத் தள்ளி நின்று பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிறு காலை ஆறரை. ஏழு மணிக்கு ஓட்டம். ஊரெல்லாம் பனி. எதற்கும் ஒரு தடவை வழியைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார் ஹெர்பர்ட். தோப்பில் அம்பு இருந்தது. ஏரிக்கரையில் இருந்தது. தெருவுக்குள் நுழைந்த முனிராஜுக்கு உயிர் செருப்பு வழியாக இறங்கிப் போய்விட்டது. ஓர் அம்புகூட இல்லை. தெரு முழுக்கச் சாணம் கரைத்துத் தெளித்து, பளிச்சென்று பெருக்கி, வாசலுக்கு வாசல் கோலம்.

விடிந்தால் பெண்கள் வாசல் தெளிப்பார்கள் என்பது பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். முனிராஜுக்குத் தெரியாது. இருபது வருஷமாக நாலரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர். அவர் மனைவி யசோதா தினமும் ஐந்தரைக்குத் தெளித்துக் கோலம் போடுகிறாள். அவர் திரும்பி வரும்போது அது மிதிபட்டு, காற்றில் பறந்து, சுவடே இருக்காது. தன் வீட்டு வாசலில் கோலம் உண்டா என்று கேட்டிருந்தால்கூட யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பார்.

தெருவில் இங்கும் அங்கும் தாவினார். முதல் சந்து முனையில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்ற அனந்தலக்ஷ்மி இந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தத் தெருவில் அவள் தும்மினால் ஏழு சந்திலும் பதில் தும்மல் கேட்கும், அத்தனை செல்வாக்கு.

"இன்னாண்ணா, காலங்காத்தால நொண்டியாட்டம் ஆடறே?"

முனிராஜ் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். நூற்றுப் பன்னிரண்டு பேர் வரப் போகிறார்கள், அம்பெல்லாம் போய்விட்டது, ஒருத்தர் தப்பினாலும் தன் ரூட்டுக்குச் சமாதி, அந்தப் பொடியைக் கொடுத்தால் திரும்பவும் அம்பு போட்டுவிடலாம் என்றார்.

"வெள்ளைக் கோலத்துக்கு நடுவுல வெள்ளை அம்பு போட்டா எவனுக்குண்ணா தெரியும்? அதுவும் இந்தப் பனியில." கொஞ்சம் யோசித்தாள். "நீ இவ்ளோ நேரமா குதிச்சியே, ஒரு கோலத்தையாவது மிதிச்சியா?"

முனிராஜ் திரும்பிப் பார்த்தார். அவருடைய நூறு கிலோ உடம்பு தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய் வந்திருந்தது. ஒரு புள்ளிகூட அழியவில்லை.

"இல்லம்மா."

"உசுரு போற அவசரத்துலயே உனக்கு மனசு வரலை. அந்தப் பசங்களுக்கு மாத்ரம் வருமா? போகக் கூடாத சந்துங்களையெல்லாம் நாங்க அடைச்சிடறோம். வெறும் மண்ணா கீற பக்கம் ஓடி வரட்டும்."

சொல்லிவிட்டுக் கன்னடத்தில் ஒரு குரல் கொடுத்தாள், தமிழில் ஒரு குரல், தெலுங்கில் ஒரு குரல். பதினெட்டு பெண்கள் கிண்ணத்தோடு வந்தார்கள். ஏழு சந்து முனையிலும் சுவரிலிருந்து சுவர் வரை கோலம் விழுந்தது. அவர்கள் விரலுக்கு ஈடு கொடுக்க முடியாமல் பனியே கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது. கடைசிச் சந்தில் கடைசி இழை முடியும்போது ஏரிக்கரையில் ஷூ சத்தம் கேட்டது.

முதலில் வந்தவன் குடகிலிருந்து வந்த நெட்டைப் பையன். அவன் கால் முதலில் போய்ச் சேரும், உடம்பு பின்னால் வரும். நேராக முதல் சந்துக்குள் பாயப் போனவன், கோலத்துக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் போட்டாற்போல நின்றான். இடது பக்கம் பார்த்தான், தெரு நடுவில் வெறும் மண். அந்தப் பக்கம் திரும்பி ஓடினான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே. ஊரில் பாதித் தூரத்தை வழி கேட்டே கடக்கிறவர்கள், அன்று ஒருவரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முனிராஜ் குறுக்கு வழியில் மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். பெர்னதெத் மேடம் பட்டியலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக வந்தார்கள். நூறு, நூற்றைந்து, நூற்றுப் பதினொன்று. அதோடு நின்றது. ஹெர்பர்ட் இரண்டு தடவை எண்ணினார். பத்து நிமிஷம் போனது. இருபதும் போனது. வராதவள் அறுபத்து நாலாம் நம்பர், தர்ஷினி என்கிற முதல் வருஷப் பெண். மேடம் பேனாவைத் திறந்து பட்டியலின் மேல் வைத்தார். முனிராஜ் அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அரை மணி கழித்து தர்ஷினி வந்தாள். களைத்தவள் மாதிரி இல்லை. கல்யாண வீட்டிலிருந்து வருகிறவள் மாதிரி வந்தாள். இரண்டு கையும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"வழி தப்பிட்டியாம்மா?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"இல்ல மேடம். எங்க திரும்பணும்னு நல்லாத் தெரிஞ்சுது. திரும்பறப்ப சறுக்கி, கால் கோலத்துல பட்டுடுச்சு. அப்படியே விட்டுட்டு ஓட ஒரு மாதிரி இருந்துச்சு. உக்காந்து திரும்பப் போட்டேன். அந்தக்கா வேற, இழை கோணலா இருக்குன்னு ரெண்டு தடவை அழிக்க வெச்சுட்டாங்க."

மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்தார். உதடு கேட்கவில்லை. பேனாவை மூடினார். எத்தனை புள்ளி என்று கேட்டார். பதினைந்து என்றாள் தர்ஷினி. பதினைந்து புள்ளிக்கு அரை மணி நேரம் நியாயம்தான் என்று சொல்லி, பட்டியலில் அவள் பெயருக்கு நேரே கடைசி இடம் என்று எழுதினார். பிறகு முனிராஜைக் கூப்பிட்டார். அவர் கைகட்டி நின்றார்.

"அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு கிலோமீட்டர் சேர்க்க முடியுமா, முனிராஜ்?"

அவர் தலையை ஆட்டினார். பதினோரு தடவை ஆட்டினார் என்று ஹெர்பர்ட் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

அன்று மத்தியானமே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கு அப்பாலிருந்த பாறைப் பக்கம் போனார். மேலே ஏறினால் மொத்த ஏரியும் தட்டில் வைத்தாற்போலத் தெரிகிற இடம். இறக்கத்தில் ஒன்பது வீடுகள். முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"தப்பா நெனைக்காதம்மா," என்றார் முனிராஜ். "காலையில இன்னா டைமுக்கு வாசல் தெளிப்பீங்க?"